முட்டி வலிக்குக் கோடாலித் தைலம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறுக்குத் தீவு ரயில் பாதைக்குச் சுரங்கம் தோண்டும் இயந்திரத்தின் படம் உங்கள் பத்திரிகையில் வந்திருந்தது. பிரம்மாண்டமான வட்ட முகப்பு, அதன் முன்னால் ஹெல்மெட்டோடு வரிசையாக நின்று சிரிக்கும் ஆட்கள், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முகப்புக்குக் கொஞ்சம் பின்னால் ஒரு சின்ன இரும்பு அறை உண்டு, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குறை சொல்ல வரவில்லை. அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்து மணியைப் பார்த்து வால்வு திருகுவதுதான் பல வருடம் என் பிழைப்பு, அதனால் எனக்கு மட்டும் அது கண்ணில் உறுத்தியது. ஆட்களை அழுத்தக் காற்றுக்குள் அனுப்பி, பிறகு மெதுவாக வெளியே எடுக்கும் அறை அது. அதற்கு மேன்லாக் என்று பெயர், எனக்கு லாக் அட்டெண்டன்ட் என்று பெயர். இப்போது வேலையை விட்டுவிட்டேன், ஆகவே கொஞ்சம் மனம் விட்டு எழுதலாம் என்று நினைக்கிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுரங்க இயந்திரம் மண்ணையும் பாறையையும் அரைத்துக்கொண்டே போகும், அப்போது அதன் பற்கள், அதாவது கட்டர்கள், தேயும். சிங்கப்பூர் மண் ஒரே சீராக இருக்காது, ஓரிடத்தில் கிரானைட், இன்னோரிடத்தில் சேறுபோன்ற கடல் களிமண், இரண்டும் கலந்து வரும் இடத்தில் கட்டர் படும் பாடு கொஞ்சமல்ல. தேய்ந்த கட்டரை மாற்ற ஆள் முன்பக்கம் போயாக வேண்டும். முன்பக்கம் என்றால் மண்ணுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கு. அங்கே நிலத்தடி நீர் பாய்ந்து வராமல், மண் இடிந்து விழாமல் இருக்கக் காற்றாலேயே முட்டுக் கொடுத்திருப்பார்கள். 10 மீட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் என்பது கணக்கு. நீர்மட்டத்துக்கு 20 மீட்டர் கீழே வேலை என்றால் 2 பார் காற்று கொடுக்க வேண்டும், நாம் வெளியில் சுவாசிக்கிற காற்றையும் சேர்த்தால் மூன்று மடங்கு. அந்தக் காற்றுக்குள்தான் ஆள் போய் நட்டு கழற்றி, எடை தூக்கி, புதுக் கட்டர் மாட்டி வர வேண்டும்.

உள்ளே போகும்போது அழுத்தம் ஏற ஏற அறை சூடாகும், காது அடைக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிக் காதைத் திறந்துவிட வேண்டும். குரல் மூக்கால் பேசுவதுபோல் மாறிவிடும், விசில் அடித்தால் சத்தம் வராது. புதிதாக வருகிற பையன்கள் இதையெல்லாம் வேடிக்கையாகச் செய்து பார்ப்பார்கள். வெளியே வரும்போது எல்லாம் தலைகீழ். அழுத்தத்தை இறக்க இறக்க அறை குளிர்ந்து பனிமூட்டம்போல் புகை கட்டிக்கொள்ளும், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. போவதற்குச் சில நிமிடம் போதும், வருவதற்கு ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். முகமூடி மாட்டி ஆக்சிஜன் இழுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு வரும் இந்தச் சும்மா உட்காரும் நேரம்தான் ஆட்களுக்கு எரிச்சல். "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் விடுங்கண்ணே, லாரி போயிடும்" என்று உள்ளேயிருந்து அறையில் பொருத்திய போனில் கெஞ்சுவார்கள். நான் விட மாட்டேன். பல பேரிடம் நல்ல பெயர் வாங்காமலே ஓய்வு பெற்றவன் நான்.

ஏன் விட மாட்டேன் என்றால், அழுத்தக் காற்றில் இருக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் மற்ற திசுக்களிலும் கரைந்து ஏறிக்கொள்கிறது. மெதுவாக அழுத்தத்தைக் குறைத்தால் மூச்சு வழியாகவே போய்விடும். வேகமாகக் குறைத்தால் உடம்புக்குள்ளேயே குமிழியாகக் கிளம்பும். அந்த அழுத்தக் காற்று நோய்க்குத்தான் பென்ட்ஸ் என்று பெயர். சேஃப்டி வகுப்பில் இதற்கு எப்போதும் சோடா பாட்டிலைத் திறந்து காட்டுவார்கள். உதாரணம் சரிதான், ஆனால் அதில் ஒரு பெரிய குறை. கோலி சோடாவைக் குத்தினால் அந்த நொடியே பொங்குவது தெரியும். மனித உடம்பில் அப்படித் தெரியாது. சட்டப்படி மெதுவாகத்தான் இறங்கினான், சிரித்துக்கொண்டே வெளியே வந்தான், கையெழுத்துப் போட்டான், குளித்தான், போய்விட்டான். குமிழி தன் வேலையைக் காட்டுவது அதற்கு அப்புறம். பெரும்பாலும் முதல் ஆறு மணி நேரத்துக்குள் வந்துவிடும், சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். நான் இந்தக் கடிதம் எழுதுவதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். விதிமுறைகள் எல்லாம் சுரங்கத்துக்குள் இருக்கின்றன, நோய் தங்குவிடுதி அறையில் வருகிறது.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவன், நல்ல வேலைக்காரன், மாலை 4 மணிக்கு என் லாக்கிலிருந்துதான் வெளியே வந்தான். ஒன்றும் குறையில்லை. லாரி ஏறி விடுதிக்குப் போய், பொட்டலச் சோற்றைத் தின்று, ஊருக்குப் பேசிவிட்டுப் படுத்திருக்கிறான். 10 மணி வாக்கில் வலது முட்டியில் ஒரு குடைச்சல். கட்டர் தூக்கியதில் சுளுக்கிக்கொண்டது என்று நினைத்தான். 12 மணிக்குக் காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. மேல் கட்டிலில் படுத்திருந்த அண்ணன் இறங்கி வந்து கோடாலித் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறார். இன்னொருவர் பனடோல் இரண்டு கொடுத்தார். மூன்றாமவர் "இது வாயுப் பிடிப்புடா, பூண்டை நசுக்கித் தின்னு" என்று சொல்லி அதையும் தின்ன வைத்தார். ஊரில் மனைவிக்குப் போன் போட்டதில் ஓமத்தண்ணி குடிக்கச் சொன்னாளாம், அந்த நேரத்தில் ஓமத்துக்கு எங்கே போவது. பாவம், எல்லோரும் அவனுக்காகத் தூக்கம் கெட்டுத்தான் இருந்திருக்கிறார்கள், ஒருவர் மேலும் குற்றம் சொல்ல முடியாது. காலை ஆறரைக்கு லாரியிலிருந்து இரண்டு பேர் தோள் கொடுத்து அவனை இறக்கியதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

மறுபடி அழுத்தம் கொடுத்துச் சிகிச்சை செய்கிற மருத்துவ லாக்கில் ஏற்றி, டாக்டர் சொன்ன அழுத்தத்துக்குக் கொண்டுபோன கொஞ்ச நேரத்திலேயே போனில் கூப்பிட்டான். "அண்ணே, விட்டுடுச்சு" என்றான். அத்தனை மணி நேரம் எந்தத் தைலத்துக்கும் மாத்திரைக்கும் அசையாத வலி, காற்றை ஏற்றியதும் விட்டது. முள்ளை முள்ளால் எடுப்பது என்று சொல்வோமே, இதுதான் அது. ஆனால் முள் ஏறி எட்டரை மணி நேரம் கழித்து எடுத்தோம். அவனுக்கு முட்டியோடு போயிற்று. அதே குமிழி முதுகுத் தண்டில் போய் உட்கார்ந்திருந்தால் கால் மரத்துப்போயிருக்கும், சிறுநீர்கூட நின்றுபோயிருக்கும், அப்போது எட்டரை மணி நேரத் தாமதத்துக்கு எந்த டாக்டரும் உத்தரவாதம் சொல்ல மாட்டார்.

அப்புறம் அந்த வாயு. எனக்கு அன்றைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, ஏனென்றால் அந்த மூன்றாமவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. முட்டியில் பிடித்தது வாயுதான். நைட்ரஜன் என்கிற வாயு. நம் பாட்டி காலத்திலிருந்து மூட்டு வலி என்றாலே வாயு என்போம், அதற்குப் பூண்டும் பெருங்காயமும் கைவசம் வைத்திருப்போம், அந்தப் பழக்கம்தான் இங்கே ஆளைக் காலி பண்ணப் பார்க்கிறது. வயிற்றில் உள்ள வாயுவுக்குப் பூண்டு கேட்கும். இதற்குக் கேட்காது. பனடோல் இன்னும் மோசம், வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தி "சரியாயிடுச்சு" என்று நினைக்க வைத்து நேரத்தைத் தின்றுவிடும்.

அந்தத் தம்பியிடம் அட்டை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அழுத்தக் காற்றில் வேலை செய்பவர், அவசரமென்றால் மருத்துவ லாக்குக்குக் கொண்டு வரவும் என்று எழுதி, தொலைபேசி எண் போட்டு, லேமினேட் பண்ணிக் கொடுத்த அட்டை. பர்ஸில் ஈஸி லிங்க் அட்டைக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. ஆங்கிலத்தில். அறையில் இருந்த யாரும் அதைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார்களே தவிர "இந்த முட்டி வலிதான் அந்த அவசரம்" என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

இந்த நோய் புதிது ஒன்றும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். 1854லேயே இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் சுரங்கத் தொழிலாளர்களைப் பார்த்துவிட்டு, உள்ளே போவதற்கு விலை இல்லை, வெளியே வரும்போதுதான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற பொருளில் எழுதிவைத்தார்கள். 1870 வாக்கில் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பாலத்துக்காக மிசிசிப்பி ஆற்றின் அடியில் அழுத்தக் காற்றுக்குள் அஸ்திவாரம் இறக்கியபோது ஒரு டஜனுக்கு மேல் ஆட்கள் இதில் செத்தார்கள். அங்கே தொழிலாளர்கள் வெள்ளியும் துத்தநாகமும் வைத்துச் செய்த பட்டையை இடுப்பிலும் கையிலும் காலிலும் கட்டிக்கொண்டு இறங்கினார்களாம், அதில் ஓடும் மின்சாரம் நோயைத் தடுக்கும் என்று நம்பி. நம் ஆட்கள் அரைஞாண் கயிற்றில் தாயத்து கோத்துக்கொள்வதைவிட அது எந்த விதத்திலும் உசத்தி இல்லை. அடுத்ததாக நியூயார்க்கில் புரூக்ளின் பாலம். அதன் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் இதில் விழுந்து வருடக்கணக்கில் படுத்த படுக்கையாகிவிட்டார், அவர் மனைவி எமிலிதான் தளத்துக்கும் அவருக்கும் நடுவே அலைந்து வேலையை முடித்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "நான் ஜிம் பாடி, எனக்கெல்லாம் வராது" என்று சொல்கிற தம்பிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். குமிழிக்குப் பொறியாளர் என்றும் தெரியாது, ஜிம் பாடி என்றும் தெரியாது.

அதே நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டியபோதுதான் நிலைமை தலைகீழாக மாறியது. 45, 50 பேர் வேலை பார்த்த இடத்தில் மாதத்துக்கு ஒருவர் வீதம் செத்துக்கொண்டிருந்தார்கள். 1889 வாக்கில் அங்கே போன எர்னஸ்ட் மோயர் என்ற பொறியாளர், டாக்டர்கூட இல்லை, தளத்திலேயே ஒரு அழுத்த அறையைக் கட்டி, வலி என்று வந்தவனை உடனே அதில் ஏற்றி, மறுபடி அழுத்தம் கொடுத்து, மெதுவாக இறக்கினார். அதற்கடுத்த 15 மாதத்தில் 120 பேரில் இறந்தது 2 பேர். நைட்ரஜன் குமிழிதான் காரணம் என்று பால் பெர்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1878லேயே காட்டிவிட்டார், எவ்வளவு நேரத்தில் எத்தனை கட்டமாக இறக்க வேண்டும் என்று ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதித்து 1908இல் அட்டவணை போட்டுவிட்டார். ஆக நூறு வருடத்துக்கு மேலாகவே நோய் என்ன, மருந்து என்ன, இரண்டும் தெரியும். வலி எடுத்தவன் அந்த அறைக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதியில் இந்த அட்டை விஷயம் எவ்வளவு யோசித்து எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெயர், மருத்துவ லாக் இருக்கும் முகவரி, டாக்டரின் எண், கூடவே இன்ன காரணம் என்று தெரியாத எந்த நோய் வந்தாலும் இவரை உடனே மருத்துவ லாக்குக்குக் கொண்டு போகவும் என்ற குறிப்பு, இத்தனையும் அதில் இருக்க வேண்டும். வேலை நேரத்தில் மட்டுமல்ல, வேலை முடிந்து வீட்டில் இருக்கும்போதும் போட்டிருக்க வேண்டும். பழைய காலத்தில் இந்த ஆட்கள் சாராயக்கடை வாசலில் விழுந்து கிடந்தால் போலீஸ்காரர் குடிபோதை என்று நினைத்து இழுத்துப் போயிருப்பார், நிஜத்தில் தலைசுற்றலும் தள்ளாட்டமும் இந்த நோயில் உண்டு. அட்டை பர்ஸுக்குள் இருந்தால் பிரயோஜனம் இல்லை, கழுத்திலோ கையிலோ தெரிய வேண்டும்.

சிங்கப்பூரில் விதி இல்லை என்று நான் சொல்லவே இல்லை. அழுத்தக் காற்றில் வேலை செய்பவருக்குச் சட்டப்படி மருத்துவப் பரிசோதனை உண்டு, அதற்கென்று நியமிக்கப்பட்ட டாக்டர்தான் பார்க்க வேண்டும். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் அழுத்தக் காற்று நோய் இருக்கிறது, அதனால் பின்னால் வருகிற எலும்புப் பாதிப்பும் இருக்கிறது. லாக் பக்கத்தில் நடக்கிற வேலையும் என் அனுபவத்தில் ஒழுங்காகத்தான் நடக்கும். சிகரெட், லைட்டர், கைப்பேசி எதுவும் உள்ளே போகாது, ஏனென்றால் அழுத்தக் காற்றில் தீ பிடித்தால் சாதாரணத் தீ மாதிரி எரியாது. யார் எத்தனை மணிக்கு உள்ளே போனான், என்ன அழுத்தம், எத்தனை மணிக்கு வந்தான், எல்லாம் நிமிட வாரியாக நான் என் கையால் எழுதியிருக்கிறேன்.

ஓட்டை இருப்பது வேறு இடத்தில். காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பாதுகாப்பு அதிகாரி ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசுவார், ஒரு பங்களாதேஷ் தம்பியும் ஒரு சீன அண்ணனும் நம் ஆளும் தலையாட்டுவார்கள், தாளில் கையெழுத்து விழும், "அண்டர்ஸ்டுட்" என்று எல்லோருக்கும் ஒரே குரலில் சொல்லத் தெரியும். அந்த ஒரு ஆங்கில வார்த்தைக்கு இருக்கிற உச்சரிப்புச் சுத்தம் வேறு எதற்கும் இருக்காது. பென்ட்ஸ் என்ற பெயரும் எல்லோருக்கும் தெரியும். அது எங்கே வலிக்கும், எத்தனை மணிக்கு வலிக்கும், வலித்தால் யாரை எழுப்ப வேண்டும் என்று தமிழில் கேட்டுப் பாருங்கள், பத்தில் இரண்டு பேர் ஒழுங்காகச் சொன்னால் அதிகம். இது நான் கேட்டுப் பார்த்த பத்து பேர் கணக்கு, ஆய்வு ஒன்றும் இல்லை.

தெரிந்தவனும் சில நேரம் சொல்ல மாட்டான். காற்றுக்குள் இறங்கும் நாளுக்குத் தனியாகப் படி உண்டு, மாதச் சம்பளத்தோடு சேர்த்தால் ஊரில் ஒரு தவணைக் கடன் அடையும். சளி பிடித்தவனை இறக்கக் கூடாது, காது ஜவ்வு கிழிந்துவிடும், அதனால் காலையில் லாக் வாசலில் மூக்கை உறிஞ்சாமல் நிற்கப் படாத பாடு படுவார்கள். சிலர் மருந்துக் கடையில் மூக்கில் விடும் சொட்டு வாங்கி விட்டுக்கொண்டு வருவார்கள். இதைக் கண்டுபிடிப்பதற்கே நான் வேண்டுமென்று நாலு வார்த்தை பேசவைப்பேன், குரல் காட்டிக் கொடுத்துவிடும். ராத்திரி வலித்தாலும் இதே கணக்குத்தான். சொன்னால் அடுத்த இறக்கத்தில் பெயர் இருக்காது, சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், பர்மிட் புதுப்பிக்கும்போது யோசிப்பார்களோ என்று ஒரு பயம். வலியைச் சொன்னவனுக்கு அந்த வாரத்துப் படி வெட்டு விழாது என்று கம்பெனி வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுக்க வேண்டும். நான் பார்த்த வரையில் மற்ற எந்தப் போஸ்டரையும்விட அந்த ஒரு தாள் அதிகமாக வேலை செய்யும்.

விமானம் பற்றியும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்கே ஒரு வடு இருக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது, 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலக் குறைந்திருக்கும், கிட்டத்தட்ட ஊட்டி உச்சி. உடம்பில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும்போது விமானம் ஏறினால் அது இன்னொரு முறை லாக்கிலிருந்து வெளியே வருவது போலத்தான், ஆனால் வால்வு திருக நான் அங்கே இருக்க மாட்டேன், மருத்துவ லாக்கும் இருக்காது. அதனால் கடைசியாக லாக்கிலிருந்து வெளியே வந்ததிலிருந்து ஒரு நாளாவது கழிய வேண்டும், அழுத்தமும் நேரமும் கூடுதல் என்றால் அதற்கும் மேல், அந்தக் கணக்கை டாக்டர் சொல்ல வேண்டும். ஒரு தம்பிக்கு மத்தியானம் லாக்கிலிருந்து வந்த கையோடு அப்பா இறந்த செய்தி வந்தது. அன்று ராத்திரியே திருச்சி விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டான். நான்தான் டாக்டருக்குச் சொல்லி நிறுத்தினேன். மறுநாள் ராத்திரிதான் போனான். ஊரில் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள், கொள்ளி வைத்தது அவன்தான், இருந்தாலும் அந்த ஒரு நாளை அவன் எனக்கு மன்னிக்கவில்லை. தேக்காவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைத் தமிழில் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், ஊரில் அவன் குடும்பத்துக்கும் சொல்லியிருந்தால், என்னை வில்லனாக நினைத்திருக்க மாட்டான் என்று தோன்றுகிறது. விடுமுறைக்குப் போகிறவர்களுக்கும் இதே பேச்சுத்தான், கடைசி நாள் வரை படி சம்பாதித்துவிட்டு அன்றே ஏர்போர்ட் போகாதீர்கள்.

இன்னொன்று எலும்பு. இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கழித்து வருவது. இடுப்பு மூட்டு, தோள் மூட்டு, இங்கெல்லாம் எலும்புக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டு உள்ளேயே செத்துப்போகும். பென்ட்ஸ் ஒருமுறைகூட வராதவனுக்கும் வரலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐயில் முன்னாடியே தெரியும். இவன் அதற்குள் பர்மிட் முடிந்து ஊருக்குப் போய் வயலில் நிற்பான், இடுப்பு வலிக்கிறது என்று போவான், உள்ளூர் டாக்டர் நாற்பது வயதாகிவிட்டது, தேய்மானம் என்பார். பத்து வருடத்துக்கு முன்னால் அழுத்தக் காற்றில் வேலை செய்தேன் என்று சொல்லவே அவனுக்குத் தோன்றாது, சொன்னாலும் காட்ட ஒரு தாள் கையில் இருக்காது. பிரிட்டனில் 1996இல் வந்த விதிமுறைப்படி இந்தத் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவை 40 வருடம் வைத்திருக்க வேண்டும். கம்பெனி 40 வருடம் வைத்திருக்கட்டும், நல்லதுதான். நான் சொல்வது, எத்தனை முறை இறங்கினான், எவ்வளவு அழுத்தம், என்ன பரிசோதனை செய்தார்கள் என்ற விவரத்தின் நகல் ஒன்று அவன் பெட்டியிலும் போக வேண்டும். தம்பிகளே, கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் அட்டவணையைப் போனில் படமாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு கேட்பதற்குக் காலக்கெடு இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் பத்திரிகையை இணையத்தில் சென்னையிலும் படிக்கிறார்கள் என்பதால் அங்கேயும் ஒரு வார்த்தை. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு மாதவரத்தில் 2022இலும் கலங்கரை விளக்கம் பக்கம் 2023இலும் சுரங்க இயந்திரங்களை இறக்கினார்கள், நீலகிரி என்றும் ஃபிளமிங்கோ என்றும் அழகாகப் பெயர் வைத்தார்கள். இந்தியாவில் அழுத்தக் காற்று வேலைக்கென்றே 1977இல் திருத்திய தரக் குறியீடு, ஐஎஸ் 4138, இருக்கிறது. 2025 வரை நடப்பில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் இந்த நோய் முதல் பகுதியிலேயே வந்தது, அதாவது ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. ஆனால் அங்கே சுரங்கத்துக்குள் நிற்பவர்களில் நிறையப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளத்துக்காரர்கள். இங்கே நாம் ஆங்கில அட்டையை வெறித்துப் பார்ப்பதுபோல் அவர்கள் அங்கே தமிழ் அறிவிப்பை வெறித்துப் பார்ப்பார்கள். தமிழில் வேண்டும் என்று இங்கே கேட்கிற நான், அங்கே ஒடியாவிலும் இந்தியிலும் வங்காளத்திலும் வேண்டும் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை.

விடுதி நடத்துகிறவர்களுக்கும் இது தெரிய வேண்டும். எந்த அறையில் அழுத்தக் காற்றுக்காரன் தூங்குகிறான் என்று வாசல் செக்யூரிட்டிக்குத் தெரிந்திருந்தால், நடுராத்திரி ஒருவன் நொண்டிக்கொண்டு வந்து நிற்கும்போது "காலையில பார்த்துக்கலாம்" என்று திருப்பி அனுப்ப மாட்டார். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை, ஒரு பெயர்ப் பட்டியல், ஒரு எண்.

ஆசிரியரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கீழே எழுதியிருப்பதைக் கட்டம் கட்டிப் போட்டால் வெட்டி எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்வார்கள். நான் அந்தத் தம்பியின் அறைக்காக எழுதிக் கொடுத்தது, இப்போதும் அங்கே ஒட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

"இந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் சுரங்கத்தில் அழுத்தக் காற்றில் வேலை செய்பவர். வெளியே வந்த ஒரு நாளுக்குள் இவருக்கு முட்டி, தோள், முழங்கை எங்கே வலித்தாலும், உடம்பு அரித்தாலும், தலை சுற்றினாலும், கை கால் மரத்தாலும், மூச்சு வாங்கினாலும், சிறுநீர் வராவிட்டாலும் அது வாயு இல்லை, சுளுக்கு இல்லை. தைலம் தேய்க்க வேண்டாம். மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்க வேண்டாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே கீழே உள்ள எண்ணில் தளத்து டாக்டரைக் கூப்பிடவும். மூச்சுத் திணறினாலோ கால் அசையாவிட்டாலோ 995இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடவும். வருகிறவரிடம் 'கம்பிரஸ்ட் ஏர்' என்ற இரண்டு வார்த்தையை முதலில் சொல்லவும்."

எண்ணுக்கு இடம் விட்டுப் போடுங்கள், அவரவர் தளத்து எண்ணை எழுதிக்கொள்வார்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், ராத்திரி விளக்கணைத்த அறையில் போன் வெளிச்சத்தில் படிக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் லாக் அட்டெண்டன்ட் ஒருவர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்